தார், ஜிம்னி, பொலேரோவுக்குக் கையோடு கொண்டுபோகும் காற்று பம்ப்: தேர்வு செய்வது முதல் பாதையில் அடிப்பது வரை முழு வழிகாட்டி

போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஐந்து வண்டிகளாக, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போனோம். சேற்றுப் பாதை என்பதால் எல்லோரும் டயரின் காற்றழுத்தத்தை 16 பி.எஸ்.ஐ-க்குக் குறைத்தோம், அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. சாயங்காலம் தார் ரோட்டுக்கு வந்து திரும்பக் காற்று ஏற்றும்போதுதான் புதிதாக வந்த தம்பியின் பம்ப் இரண்டாவது டயரிலேயே சூடாகி நின்றுவிட்டது. "அண்ணே, பெட்டியில 150 பி.எஸ்.ஐ-ன்னு போட்டிருக்கே, நம்ம டயருக்கு 32 தானே வேணும்?" என்று கேட்டான். எங்களோடு புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எந்த வரிசையில் யோசித்தால் இந்தத் தவறு வராது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வரிசை முக்கியம். பலர் முதலில் பம்பை வாங்கிவிட்டு அப்புறம் வண்டியைப் பார்க்கிறார்கள். முதலில் டயர், பிறகு லிட்டர், பிறகு வண்டியின் கரன்ட், கடைசியாகத்தான் பம்ப்.

1. கடைக்குப் போகுமுன் வண்டியில் பார்த்துக் குறிக்க வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விஷயங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, டயர் அளவு. டயரின் பக்கச்சுவரிலேயே அச்சடித்திருக்கும். ஜிம்னி என்றால் 195/80 ஆர் 15, 18 அங்குல ரிம் போட்ட தார் என்றால் 255/65 ஆர் 18. பழைய டயரை மாற்றிப் பெரிதாகப் போட்டிருந்தால் இப்போது மாட்டியிருக்கிற அளவை எழுதுங்கள், கம்பெனி கொடுத்ததை அல்ல.

இரண்டு, ரோட்டில் ஓட வேண்டிய காற்றளவு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பஞ்சர் கடையில் "எல்லாத்துக்கும் 35 வைப்போம்" என்று சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கச்சுவரில் போட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தையும் எடுக்காதீர்கள், அது அந்த டயர் தாங்கும் எல்லை, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல.

மூன்று, நீங்கள் எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள். ராஜாக்கமங்கலம், கணபதிபுரம் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் போகும் இளக்கமான மணல் பாதைக்கு நான் 15 முதல் 18 வரை இறக்குவேன். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றியுள்ள சரளைப் பாதைக்கு 22 முதல் 25 போதும். 12-க்குக் கீழே இறக்கினால் வளைவில் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு, புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நான்கு, பேட்டரி எங்கே இருக்கிறது, அங்கிருந்து ஸ்டெப்னி எவ்வளவு தூரம். மூன்று கதவு தாரும் ஐந்து கதவு ஜிம்னியும் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம். பேட்டரி பானட்டுக்குள், ஸ்டெப்னி பின்கதவில். ஹோஸ் வாங்கும்போது இந்தத் தூரம் கைகொடுக்கும்.

2. லிட்டர் கணக்கு: பி.எஸ்.ஐ-யை மறந்துவிட்டு இதைப் போடுங்கள்

பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 120, 150 எல்லாம் அந்த பம்ப் எட்டக்கூடிய உச்ச அழுத்தம். சைக்கிள் பம்பே 100 பி.எஸ்.ஐ எட்டும், அதை வைத்துத் தார் டயரை நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும். நமக்கு வேண்டியது எவ்வளவு காற்றை எவ்வளவு நேரத்தில் தள்ளுகிறது என்பது, அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்.

255/65 ஆர் 18 டயருக்குள் ஏறக்குறைய 70 லிட்டர் இடம் இருக்கிறது. ஜிம்னி டயரில் 45 லிட்டர் வாக்கில். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. ஆகவே 16-லிருந்து 32-க்கு ஏற்ற, டயரின் கொள்ளளவைவிடச் சற்றுக் கூடுதலான வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். தார் டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 76 லிட்டர், நான்குக்கும் 300. ஜிம்னிக்கு இதே 16 பி.எஸ்.ஐ ஏற்றம் என்றால் நான்குக்கும் சேர்த்து 200.

அடுத்தது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர். அது எதிரே அழுத்தமே இல்லாமல், வெறும் காற்றில் ஓடவிட்டு அளந்தது. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறைந்துகொண்டே வரும். நான் பாதியாகவே கணக்குப் போடுவேன். நல்ல பம்ப் பாதியைவிடக் கூடுதலாகத் தரும், ஆனால் வெயிலில், ஹோஸ் கசிவோடு, சூடான மோட்டாரோடு அடிக்கும்போது பாதி என்று வைத்துக்கொண்டவர்கள் ஏமாறியதில்லை.

நான்கு டயருக்கும் சேர்த்துப் பம்ப் ஓடும் நேரம் 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் 10 என்பது ஐந்தாவது பகுதியில் வரும். அப்படியானால் கணக்கு இவ்வளவுதான்: மொத்த லிட்டரை 10-ஆல் வகுத்து இரண்டால் பெருக்குங்கள். தாருக்கு 300-ஐ 10-ஆல் வகுத்தால் 30, இரண்டால் பெருக்கினால் 60. ஆகவே 60-க்குக் குறையாமல், கடையில் கிடைக்கும் 70 லிட்டர் வகை. ஜிம்னிக்கு 40. 35 லிட்டர் பம்பை ஜிம்னிக்காரர் கொஞ்சம் பொறுமையோடு சமாளித்துவிடலாம். அதே பம்பைத் தாருக்கு வைத்தால் ஓட்டம் மட்டுமே 17 நிமிடத்துக்கு மேல், நடுவே ஆறவிடும் நேரமும் சேர்ந்தால் அரைமணியைத் தாண்டும். அந்தத் தம்பியின் பம்ப் அதுதான்.

சில பெட்டிகளில் லிட்டருக்குப் பதில் சி.எஃப்.எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி, என்று இருக்கும். 1 சி.எஃப்.எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர். லிட்டரும் இல்லை, சி.எஃப்.எம்-மும் இல்லை, பி.எஸ்.ஐ மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறது என்றால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

150 லிட்டருக்கு மேல் தள்ளும் இரட்டை சிலிண்டர் பம்ப் வேண்டுமா? கூட்டமாகப் போகும்போது நாலைந்து வண்டிக்கு ஒரே பம்பில் அடிப்பவர் என்றால் வேண்டும். தனி வண்டிக்கு வேண்டாம், எடையும் விலையும் கரன்ட்டும் எல்லாமே கூடும்.

3. எந்த வகை

12 வோல்ட் மின்சார பம்ப்தான் என் பதில். மற்றவற்றை ஏன் ஒதுக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கையில் அடங்கும் சார்ஜ் பம்ப் பைக்குக்கும், ஊருக்குள் ஓடும் காரில் 3, 4 பி.எஸ்.ஐ குறைந்ததை ஏற்றவும் நன்றாக உழைக்கும். நாலு பெரிய டயரை 16-லிருந்து தூக்கும் வேலை அதற்கு இல்லை. அதன் பேட்டரியும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

காற்றை நிரப்பி எடுத்துப்போகும் டேங்க் பார்க்க வசதியாகத் தெரியும். 10 லிட்டர் டேங்கில் 120 பி.எஸ்.ஐ நிரப்பினால், அது 32-க்கு இறங்கும்வரை நமக்குக் கிடைப்பது 60 லிட்டர்தான். தாரின் ஒரு டயருக்கே பற்றாது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேகம் என்றால் வேகம். ஒரு கிலோ வாயுவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆனால் 31 டிகிரிக்கு மேல் அது சிலிண்டருக்குள் திரவமாக நிற்காது, அழுத்தம் வேகமாக ஏறும். நம் ஊரில் மதியம் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் இருக்கும் சூடு அதைவிட எவ்வளவோ மேல். அடைத்த கேபினுக்குள் கசிந்தால் மூச்சுக்கே ஆபத்து. சோதித்து முத்திரையிட்ட சிலிண்டர், சரியான ரெகுலேட்டர், நிரப்பித் தரும் நம்பகமான இடம் மூன்றும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை மட்டும் எந்த அவசரத்திலும் டயருக்குள் விடாதீர்கள். ரப்பரும் எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் அழுத்தத்தோடு ஒரே இடத்தில் இருந்தால் டயர் வெடிக்கும், ஆள் போய்விடும். "அவசரத்துக்கு ஒரு தடவைதானே" என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

4. வண்டி கொடுக்கும் கரன்ட்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். 15 என்றே வைத்தாலும் 12 வோல்ட்டில் 180 வாட். சாக்கெட்டில் செருகும் பம்ப் எல்லாம் அந்த 180-க்குள் அடங்கியாக வேண்டும், அதனால்தான் அவை மெதுவாக அடிக்கின்றன. 70 லிட்டர் வகை பம்ப் 20 முதல் 30 ஆம்பியர் இழுக்கும், இரட்டை சிலிண்டர் 40-க்கு மேல் போகும். இவற்றை பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சாக்கெட் ஃபியூஸ் போகிறது என்று 30 ஆம்பியர் ஃபியூஸ் மாற்றிப் போடும் பழக்கம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது டேஷ்போர்டுக்குள் போகும் மெல்லிய வயரை. ஃபியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது அந்த வயர்தான், அது இருக்கும் இடத்தில் கை போகாது.

பம்போடு வரும் வயர் பற்றவில்லை என்று நீட்டுகிறவர்கள் வயரின் தடிமனைப் பாருங்கள். வீட்டு வயரிங்கில் மிச்சம் வந்த 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 3 மீட்டர் நீட்டினால், 25 ஆம்பியர் ஓடும்போது போக வர சுமார் 1 வோல்ட் வயரிலேயே போய்விடும். மோட்டார் திணறும், வயர் சூடாகும். குறைந்தது 6 ஸ்கொயர், முடிந்தால் 10 போடுங்கள். அதைவிட நல்லது வயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுவது. பம்ப் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும், காற்று பயணம் போகட்டும்.

பம்பின் வயரில், பேட்டரி கிளிப்புக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. சூடும் ஓய்வும்

நல்ல பம்பின் குறிப்பேட்டில் எத்தனை சதவீத நேரம் ஓடலாம் என்று இருக்கும். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் ஆறவிட வேண்டும். கம்பெனிகள் இதை 22 டிகிரி போன்ற குளிர்ந்த சூழலில் அளந்து போடுவது வழக்கம், ஆரல்வாய்மொழி வெயிலில் சரளைமேல் வைத்து அல்ல. 10 நிமிடத்தை எல்லையாக வைத்தது இதற்குத்தான். நான் இரண்டு டயர் முடிந்ததும் சூட்டைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் நிறுத்துவேன்.

சூடு மிஞ்சினால் தானே அணையும் வசதி இருக்கும் பம்பையே வாங்குங்கள். அது அணைந்துவிட்டால் பழுது என்று நினைத்து ஈரத்துணி போட வேண்டாம், நிழலில் வைத்தால் தானே திரும்ப வரும்.

6. ஹோஸ், வாய், கேஜ்

ஹோஸ் 7 அல்லது 8 மீட்டர். சுருள் ஹோஸ் மடக்க எளிது, ஆனால் இழுத்துப் பிடித்தால் வால்வை ஒரு பக்கமாக வளைக்கும், அப்படி வளைந்த ரப்பர் வால்வு அடிப்பக்கம் விரிசல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். நேரான ரப்பர் ஹோஸ் கனம், ஆனால் ஒழுங்காகக் கிடக்கும்.

வால்வில் மாட்டும் வாய் இரண்டு விதம். திருகி மாட்டுவது கசியாது, ஆனால் கழற்றும்போது கொஞ்சம் காற்று போகும், ஹோஸும் சேர்ந்து சூடாகியிருந்தால் விரலும் சுடும். அழுத்திப் பூட்டும் கிளிப் வாய் வேகமானது, மட்டமானது என்றால் நாலு நாளில் கசியத் தொடங்கும். கிளிப் வாய் நல்லதாக ஒன்று வாங்கி, திருகு வாயைப் பையில் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் ஓடும்போது அதிலுள்ள கேஜ் காட்டுவது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம், டயரில் இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும். நிறுத்திவிட்டுப் பாருங்கள். தனியாக ஒரு கை கேஜ் கட்டாயம் வேண்டும், இறக்கும்போதும் ஏற்றும்போதும் அதே கேஜ். இரண்டு கேஜ் இரண்டு எண் காட்டலாம், ஒன்றையே பிடித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

7. வீட்டு முற்றத்தில் ஒத்திகை

வாங்கிய அன்றே செய்யுங்கள், கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள்.

காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது ஒரு டயரை 16-க்கு இறக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, போனில் நேரம் வைத்து, 32 வரை ஏற்றுங்கள். அந்த டயருக்கு வேண்டிய லிட்டரை (தார் 76, ஜிம்னி 50) எடுத்த நிமிடத்தால் வகுத்தால் உங்கள் பம்ப் உண்மையில் தரும் லிட்டர் கிடைத்துவிடும். தார் டயருக்கு இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தால் நல்ல பம்ப். நாலு நிமிடத்தைத் தாண்டினால் சோப்புத் தண்ணீர் தொட்டு ஹோஸ் இணைப்புகளைப் பாருங்கள், கசிவு இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு டயரோடு நிறுத்தாமல் நான்கையும் செய்யுங்கள். மூன்றாவது டயரில்தான் பம்பின் குணம் தெரியும். ஹோஸ் ஸ்டெப்னிவரை எட்டுகிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும். எஞ்சின் ஓடுவதால் இதைக் கார் ஷெட்டுக்குள் செய்ய வேண்டாம், வெளியே நிறுத்திச் செய்யுங்கள்.

8. பாதையில் செய்யும் வரிசை

போகுமிடம் பற்றி ஒரு வார்த்தை. மேலே மலைப்பக்கம் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், ரப்பர் தோட்டங்களில் பல அரசு ரப்பர் கழகத்துடையவை. அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள். கடற்கரையில் வலையும் வள்ளமும் கிடக்கும் இடத்தில் வண்டியை இறக்காதீர்கள்.

காற்று இறக்குவது தார் ரோடு முடியும் இடத்தில், மணலில் புதைந்த பிறகு அல்ல. வெயிலில் ஓடிவந்த டயர் காலையில் பார்த்ததைவிட 3, 4 பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டும், 5 அல்லது 6 டிகிரி சூட்டுக்கு 1 பி.எஸ்.ஐ வாக்கில். இறக்கும்போது இதை மனதில் வையுங்கள், இல்லாவிட்டால் டயர் ஆறியதும் நினைத்ததைவிடக் கீழே நிற்கும்.

திரும்பி வந்ததும் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். பம்பின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிவப்புக் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் போடுங்கள். ஸ்விட்ச் ஓடும் நிலையில் கிளிப் போட்டால் பேட்டரி பக்கத்தில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் எரியக்கூடியது. அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹோஸும் வயரும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் விலகிக் கிடப்பதை உறுதி செய்துகொண்டு பம்பைப் போடுங்கள். எஞ்சின் ஓடாமல் நாலு டயரும் அடித்தால் பேட்டரி இறங்கி, காற்று நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

முதலில் பம்பிலிருந்து தூரமாக இருக்கும் பின்டயர்கள், பிறகு முன்டயர்கள். முன்டயர் அடிக்கும்போது ஹோஸைச் சுருட்டியபடியே வந்துவிடலாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் வால்வு மூடியைத் திரும்பப் போடுங்கள், மணல் புகுந்தால் வால்வு பின் சரியாக அமராமல் கசியும்.

பம்ப் நடுவில் நின்றுவிட்டால் நாலு டயரையும் ஒரே அளவுக்குச் சமன்செய்து, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பக்கத்து பஞ்சர் கடைவரை போங்கள். காற்றுக் குறைந்த டயரில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளேயே கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்து பைபாஸில் தெரியும்.

ரிம்மை விட்டுக் கழன்ற டயரை இந்த பம்பால் உட்கார வைப்பது கடினம், அதற்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, டயரின் நடுவில் சுற்றிலும் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கி அடித்துப் பாருங்கள், சில நேரம் பிடிக்கும். பெட்ரோல் ஊற்றி நெருப்பு வைக்கும் வித்தையை வீடியோவில் பார்த்துவிட்டு யாரும் செய்ய வேண்டாம்.

9. உப்பும் மணலும்

நம் மாவட்டத்தில் எங்கிருந்து பார்த்தாலும் கடல் தூரமில்லை. உப்புக்காற்றில் பேட்டரி கிளிப்புகள் பச்சை பூத்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்துக் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

மணலை இன்னும் கவனியுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் கார்னெட் இருக்கிறது, தேய்ப்புத் தாள் செய்யப் பயன்படும் அதே தாது. அது பம்பின் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் வளையம் தேய்ந்து, பம்ப் ஓடும் ஆனால் காற்று வராது. பம்பை மணலில் வைக்காதீர்கள், ஒரு ரப்பர் மிதியடியோ பலகைத் துண்டோ போட்டு அதன்மேல் வையுங்கள். காற்று இழுக்கும் வாயிலுள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பயணம் முடிந்த மறுநாள் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். உபரி ஃபில்டர் இரண்டு வாங்கிப் பம்ப் பையிலேயே போட்டு வையுங்கள். அதே பையில் கை கேஜ், வால்வு பின் நாலு, பின் கழற்றும் சாவி, பஞ்சர் திரி, பம்பின் ஃபியூஸ் இரண்டு.